முகப்புத் தாளின் இணை

சனிக்கிழமை, பிற்பகல் 3.10. மோர்னிங்சைட் மண்டபமொன்றில் மக்டலீன் அன்ரி தன் குடும்பத்துப் பழைய நூலைத் திறந்தார். முகப்பு ஒற்றையை, அந்த முதல் தாளையே, காணவில்லை.

1832இல் யாழ்ப்பாணத்தில் அச்சான பதினாறு பக்கக் கவிதை நூல் அது. எழுதியவர் அன்ரியின் பூட்டிக்குப் பாட்டியான செபமாலையாள். அவர் பெயர் முகப்பில் மட்டுமே இருந்தது. வேறு பிரதியும் கிடையாது. நான்கு மணிக்கு இதே மண்டபத்தில் வெளியாகும் மறுபதிப்பின் அட்டையிலோ, பதிப்பாளர் றொபேட்டின் முப்பாட்டன் பெயர்!

"பொம்பிளை எழுதினதை ஆம்பிளைக்கு எழுதி வைச்சிட்டாங்கள்!" என்றார் அன்ரி.

அருகே நின்ற நிரோஷினி புத்தகம் கட்டும் தொழில் செய்பவள். நூலை வாங்கி, கடைசி ஒற்றையை விரலால் தடவினாள். பசை.

நூல் இருவர் கையில்தான் இருந்தது. முதலில் மறுபதிப்புக்காகப் பக்கங்களைப் படமெடுத்த அன்ட்ரூ, பிறகு றொபேட்.

"அன்ட்ரூ?"

"செய்யுளை மட்டும் எடுக்கச் சொன்னவை, அக்கா. நான் குடுக்கேக்கை முகப்பு இருந்தது."

"பொய்!" றொபேட் பாய்ந்தார். "செவ்வாய்க்கிழமை என்னட்டை வரேக்கையே இல்லை. உவன்தான் கிழிச்சவன்."

"புதன்கிழமை பேஸ்புக் லைவிலை வாசிச்சனீங்கள், என்ன அண்ணை?"

"ஓம், கடைசி வரி வரைக்கும். ஐந்நூறு பேர் பாத்தவை."

நிரோஷினி கைபேசியில் அந்தக் காணொளியை ஓடவிட்டாள். மூன்றாம் பக்கத்தில் தொடங்கிய றொபேட், கடைசி ஒற்றையின் இரு பக்கங்களையும் வரிசையாகவே வாசித்தார். பிறகு நூலை நீட்டினாள். அதே ஒற்றையின் மூலையில் ௰௬.

"இது என்ன, அண்ணை?"

"உதோ? ஏதோ பூ வேலைப்பாடு."

"தமிழ் இலக்கம்! பதினாறு. இப்ப பதினைஞ்சுக்கு முன்னாலை நிக்குது. ஒரே தாளை மடிச்சு நடுவிலை தைச்ச நூல் இது. முதல் ஒற்றையும் கடைசி ஒற்றையும் ஒரே துண்டு. தடயம் தெரியாமல் மடிப்போடையே முகப்பை வெட்ட, இணை ஒற்றை கழண்டு விழுந்திட்டுது. இலக்கம் தெரியாமல் அதைப் புறம்மாறி ஒட்டினீங்கள். புதன்கிழமை அது சரியாத்தான் நிண்டது. அப்ப முகப்பும் இருந்திருக்கு, உங்கடை கையிலை!"

றொபேட் தன் பையைத் திறந்தார். ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்தார். உள்ளே முகப்பு.

"தமிழுக்காகத்தானே பதிப்பிச்சனான்..."

அன்ரி கை நீட்டவில்லை.

"என்னட்டைத் தராதை. மைக்கிலை போய் நிண்டு வாசி. முதலிலை அவவின்ரை பெயர்."

4.00. மண்டபம் நிறைந்திருந்தது.

"செப..." என்று முனகினார் றொபேட்.

"சத்தமா!" என்றார் அன்ரி.