மேட்டு வயல் மண்

பூட்டிய வீட்டுக்குள் ஈர மண் கிடந்தது. மூன்றாம் மாடியில், அதுவும் சமையலறை மேடைக்கு அடியில், யாரோ ஒரு கை அள்ளி வைத்துவிட்டுப் போன அளவுக்கு. மருந்துக்கடைக்காரர் குனிந்து முகர்ந்து பார்த்தார். எருவும் அறுந்த வேரும் கலந்த அந்த வாடை அவருக்குத் தெரிந்ததுதான். அவருடைய மேட்டு வயல் மண்.

"இங்க யாரு வந்தது?" என்று கூடவே வெளியே போய் வந்த மனைவியைக் கேட்டார்.

"இந்த மழையில யாரு வரப்போறா? ஜன்னல் வழியா வந்திருக்கும்." தலைவலி என்று அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக மண் வருமாம்! அவர் எதையும் அவ்வளவு சுலபத்தில் நம்புகிற ஆளில்லை. ஒரே ஆள் தொடர்ந்து உழுதால் நாளைக்கு நிலமே என்னுடையது என்று நிற்பான் என்ற பயத்தில், வருடா வருடம் குத்தகைக்காரரை மாற்றிவிடுவார். அடுத்த வருடம் யாருக்கோ போகிற வயலில் எவன் மெனக்கெட்டு வரப்பு போடுவான்? சரிவான நிலம். மழைக்கு மழை மேல்மண் கரைந்து இறங்கியது. இந்த வருடத்து ஆள் மட்டும் வீடு தேடி வந்து, "அஞ்சு வருஷத்துக்குக் குடுங்க சார். குறுக்க வரப்பு போட்டு, புல்லு நட்டு, மண்ணைப் பிடிச்சு நிறுத்திக் காட்டுறேன்" என்று கேட்டிருந்தார். இவர் சிரித்தே அனுப்பிவிட்டார்.

"நல்லதுதானே சொல்றாரு, கேட்டா என்னங்க?" என்று மனைவி அன்று அந்த ஆளுக்குப் பரிந்து பேசினாள். பரிந்து பேசியவள் வீட்டுச் சாவியையும் கொடுத்திருப்பாளோ?

மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டுத் திரும்பினார். கூடத்திலும் கிடந்தது. மழை இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், கிழிந்த மூட்டையிலிருந்து தானியம் சரிகிற மாதிரி, சுவருக்குள்ளா தரைக்கு அடியிலா என்று பிடிபடாமல், அவர் மூச்சைப் பிடித்தால் நின்று, மூச்சு விட்டால் தொடர்ந்து, வீட்டின் உட்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஃபோனை எடுத்தார்.

"என் வீட்டுல மண்ணைக் கொட்டி விளையாடுறீங்களா?"

"நான் வயல்ல நிக்கிறேன் சார். நானே கூப்பிடணும்னு இருந்தேன்." குத்தகைக்காரர் மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். "மேல்மண்ணு கண்ணு முன்னாலயே இறங்கிப் போகுது. அடிப்பாறை தெரியுது. ஆனா கீழ ஓடையில தண்ணி தெளிவா ஓடுது சார். இவ்வளவு மண்ணும் எங்கதான் போகுது?"

"கதை விடாதீங்க" என்று ஃபோனை வைத்தார். பயமாக இருந்தது, வாய்விட்டு யாரையாவது கூப்பிட வேண்டும் போல.

கூப்பிட இருந்தவள் ஒருத்திதான். படுக்கையறைக் கதவைத் தட்டினார்.

"இந்தா... எழுந்திரு."

இன்னும் பலமாகத் தட்டினார். கதவுக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு. அது தடித்தது.

தோளால் இடித்தார். அசையவில்லை. மறுபடி இடித்தார். கதவு கொஞ்சம் விலகியது. மண் சரிந்து முழங்கால் வரை வந்தது. பக்கவாட்டில் உடம்பை நுழைத்து உள்ளே போனார்.

ஜன்னலிலிருந்து வாசல் வரை ஒரே சரிவு. அலமாரி இல்லை. கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் நீளமாக ஒரு மேடு.

பெயர் சொல்லிக் கத்தினார். மேட்டின் மேல் விழுந்து தோண்டினார். வரவில்லை. நகம் பிய்ந்தது. ஒரு பிடிகூட வரவில்லை. வெள்ளை வேர்கள் பின்னிப் பின்னி, மண்ணை இறுகப் பிடித்திருந்தன.

மேடு முழுக்கப் பச்சைப் புல். காற்றே இல்லாத அறையில் அது மொத்தமாக, மெதுவாக உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.