கையை எடுக்கும்போது

“நேற்றைய தொடுகை: இல்லை. நன்று.”

கதவு தினமும் காலையில் இப்படித்தான் மாதங்கியைப் பாராட்டும். அவளும் பல் துலக்கியபடியே “நன்றி” என்பாள். இன்று சொல்லவில்லை. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

சிறுசேரியின் தனியர் கோபுரத்தில் ஓர் ஆளுக்கு ஓர் அறை. பெருந்தொற்றுகள் ஊரைப் பாதியாக்கிய பிறகு வந்த ஏற்பாடு. சாப்பாடு சுவர்த் துவாரத்தில் வரும். வேலை திரையில் நடக்கும். அவளை யாராவது கடைசியாகத் தொட்டது குழந்தைகள் இல்லத்தில். யார் என்பதுகூட நினைவில்லை.

நேற்று தொப்புளைச் சுற்றி லேசாக வலித்தது. இப்போது அந்த வலி வயிற்றின் வலப்பக்கம் கீழே இறங்கி, ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு குத்தியது. உடம்பு கொதித்தது.

அறை மூலையில் இருந்த மருத்துவப் பேழைக்குள் போய்ப் படுத்தாள். உடம்பின் உள்ளே படம் பிடிக்கும் ஊடுநோக்கி அவள் மேல் ஒருமுறை ஊர்ந்து நின்றது.

“குடல்வால் அழற்சியாக இருக்கலாம்” என்றது பேழை. “அப்பெண்டிக்ஸ். பெருங்குடலின் தொடக்கத்தில் விரல் போலத் தொங்கும் சிறு குழாய். வாய் அடைபட்டால் வீங்கிச் சீழ் கட்டும். உங்களுடையது குடலின் பின்னால் ஒளிந்திருப்பதால் படம் தெளிவாக இல்லை.”

“இருந்தா எடுத்துடேன்!”

“மூன்று சிறு துளைகள் போதும். ஆனால் சந்தேகம் இருக்கும்போது, கத்தி வைக்கும் முன் ஒரு மனிதக் கை உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். தொடுநர் வருகிறார்.”

மாதங்கிக்கு வலியைவிட அதுதான் பயமாக இருந்தது. இன்னொரு ஆளின் கை. அவள் தோல் மேல்.

கதவு தட்டப்பட்டபோது ஓர் அதிசயம் நடந்தது. வலி சட்டென்று குறைந்தது. அப்பாடா என்றிருந்தது. எழுந்து, வயிற்றைப் பிடித்தபடி கதவருகே போனாள்.

“சரியாப் போச்சுங்க. நீங்க கிளம்புங்க.”

“எப்போ சரியாச்சு?” வெளியிலிருந்து ஒரு பெண்குரல்.

“இப்பத்தான். திடீர்னு.”

“அம்மாடி, கதவைத் திற.”

“அதான் வலி இல்லைன்னு...”

“இங்க பாரு. உப்பிப்போன பலூன் வெடிச்சா, இறுக்கம் விட்ட சுகம் கொஞ்ச நேரம் இருக்கும். அப்புறம் சீழ் வயிறு பூராப் பரவும். பரவுச்சுன்னா, நாளைக்கு இந்தக் கதவு யாருக்கு நன்றுன்னு சொல்லும்?”

கதவை உள்ளிருப்பவர்தான் திறக்க முடியும். மாதங்கி பொத்தான் மேல் விரலை வைத்தாள். அழுத்தினாள்.

உள்ளே வந்தவள் ஆரோக்கியமேரி. ஐம்பதைத் தாண்டிய, அகலமான பெண். உரிமம் பெற்ற தொடுநர். கைகளை மருந்துநீரில் கழுவி, வெப்பக் காற்று வீசும் விசிறியில் காட்டிச் சூடேற்றிக்கொண்டாள்.

“சாப்டியா?”

“ஒண்ணும் இறங்கலீங்க.”

“நல்லது. வெறும் வயிறாத்தான் இருக்கணும்.”

மாதங்கி பேழையில் படுத்தாள். வயிற்றை நோக்கிக் கை வந்ததுமே உடம்பு பலகையாக இறுகியது.

“இதான் உங்க ஆளுங்ககிட்ட ரோதனை” என்றாள் மேரி. “நோய்ல இறுகுதா, பயத்துல இறுகுதான்னே தெரியாது. முதல்ல கை பழகட்டும்.” மாதங்கியின் இடது உள்ளங்கையை எடுத்து, தன் கையை அதன் மேல் வைத்தாள். “மூச்சு விடு. நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன். டிபன் ஆச்சு.”

மாதங்கிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கைக்கு இவ்வளவு எடை இருக்கும், இவ்வளவு சூடு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மெல்ல உடம்பு தளர்ந்தது.

அந்தக் கையை அங்கேயே விட்டுவிட்டு, மறு கையால் மேரி வலது அடிவயிற்றை அழுத்தினாள். நிதானமாக, ஆழமாக.

“வலிக்குதா?”

“பொறுத்துக்கலாம்.”

மேரி சட்டென்று கையை எடுத்தாள்.

மாதங்கி அலறினாள்.

“அழுத்துறப்போ இல்ல, எடுக்குறப்போ” என்றாள் மேரி பேழையிடம். “வயித்துச் சவ்வு வரைக்கும் போயிடுச்சு. உறுதி. ஆரம்பி.”

மயக்கம் ஏறும்வரை இடது உள்ளங்கையில் அந்தச் சூடு இருந்தது. கண் விழித்தபோது இல்லை. குடல்வால் வெடித்திருந்தது; வெட்டி எடுத்து, வயிற்றைக் கழுவியாயிற்று; நல்ல வேளை, பரவவில்லை என்றது பேழை. மருந்து நரம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அவங்க எங்க?”

“தொடுகையின் தேவை முடிந்ததும் தொடுநர் வெளியேற வேண்டும். விதி.”

தழும்புகள் மூன்றும் ஆறின. ஒரு காலையில் கதவு சொன்னது: “நேற்றைய தொடுகை: இல்லை. நன்று.”

மாதங்கி பேழைக்குள் போய்ப் படுத்தாள்.

“ஒரு தொடுநர் வேணும்.”

“அறிகுறி?”

“வலி.”

ஊடுநோக்கி ஊர்ந்து நின்றது. “வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை. அழுத்தும்போது வலிக்கிறதா, கையை எடுக்கும்போதா?”

“எடுக்கும்போது.”

“இடத்தைக் காட்டுங்கள்.”

மாதங்கி தன் இடது உள்ளங்கையை விரித்து, பேழையின் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.