மாமனார் பழக்கிய கையுறை

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். பழைய வீடு. தெருவை யாரும் பார்க்கக்கூடாது என்று மாமனார் ஆணியடித்து மூடிய ஜன்னல், அவர் செத்த பிறகுதான் திறந்தது. அத்தை அதன் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தன. ஆனாலும் முகத்தில் ஒரு நிம்மதி. புருஷன் போனதும் வந்த நிம்மதி அது. இடது கை முழுக்கப் பழைய தழும்புகள்.

எனக்கு எல்லாம் தெரியும். என் கணவருக்குத் தெரிந்துகொள்ள இஷ்டமில்லை. "அப்பா கொஞ்சம் கோபக்காரர், அவ்வளவுதான்" என்பார்.

ரப்பர் மாதிரி வளைகிற ரோபோக்களைச் செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில் என் கணவருக்கு வேலை. பெட்டியிலிருந்து ஒரு கையுறையை எடுத்தார். 3D பிரிண்டரில் அச்சிட்டது. குளிரில் துணியாகத் தொங்கும். உடம்புச் சூடு பட்டால் பழக்கிய வடிவத்துக்குத் திரும்பி, விளங்காத விரல்களை மடக்கி நீட்டும்.

"யார் கையில போட்டுப் பழக்கினீங்க?"

"அப்பா கையிலதான். கடைசி வரைக்கும் அவர்தானே போட்டுப் பாத்தார்? புதுசா ஒண்ணு பழக்க எவ்வளவு நாளாகும் தெரியுமா?"

அத்தை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பயப்படாதம்மா, வலிக்காது" என்று என் கணவர் அத்தையின் வலது கையில் மாட்டிவிட்டார்.

கையுறை சூடேறியபோது ஒரு வாடை வந்தது. பிளாஸ்டிக் வாடை இல்லை. மாமனாரின் சுருட்டு வாடை.

விரல்கள் மடங்கின. நீண்டன. என் கணவர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

பிறகு அந்தக் கை எழுந்தது.

கையுறை மணிக்கட்டோடு முடிகிறது. கையைத் தூக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

அது நிதானமாக நகர்ந்து, இடது கைச் சதையைப் பிடித்துத் திருகியது. தழும்பு இருந்த அதே இடத்தில்.

அத்தையின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"சந்தோஷத்துல அழறாங்க" என்றார் என் கணவர்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மாமனாருடையது சுடுகாட்டோடு நிற்கவில்லை.

"கழட்டுங்க! அத்தைக்கு வலிக்குது!"

"சும்மா இரு. போகப் போகச் சரியாயிடும்."

ஃப்ரிட்ஜிலிருந்த தண்ணீரை எடுத்துவந்து அந்தக் கைமேல் கொட்டினேன். கையுறை தளர்ந்தது. உருவித் தரையில் எறிந்தேன். அத்தை மூச்சு விட்டார். நானும்தான்.

"அறிவிருக்கா உனக்கு? என்னோட இத்தனை வருஷ உழைப்பு..." என்று கத்தியவர் பாதியில் நிறுத்தினார்.

வெறும் கை எழுந்துகொண்டிருந்தது.

ஈரம் சொட்டச் சொட்ட அது அத்தையின் பின்னந்தலைக்குப் போனது. கொண்டையை அவிழ்த்தது. முடியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தது. தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பிரிக்கப் பார்த்தேன். ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

என் கணவர் கண்கலங்க நின்றார்.

"பாரேன்... கையுறையே இல்லாம! அவங்களே தலைமுடிய ஒதுக்கிக்கிறாங்க! அம்மாவுக்குக் கை வந்துடுச்சு!"

டாக்டருக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

அத்தையின் இடது கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வலது கை முடியை இன்னொரு சுற்றுச் சுற்றியது.