மேடையில் சாக்பீஸ் பாதங்கள்

நேற்று மாலை தன் கையாலேயே ஈரத்துணி வைத்துத் துடைத்த சாக்பீஸ் கோடுகள், மேடையில் மறுபடியும் இருந்தன. இரண்டு பாதங்களின் விளிம்பு. ஓவிய ஆசிரியைக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பசங்களுக்குக் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மாணவர்கள் வரைவதற்காக மேடையில் அசையாமல் நிற்கும் மாடல், ஓய்வெடுத்துத் திரும்பியதும் அதே இடத்தில் நிற்பதற்காக, அவள் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவார்கள். வகுப்பு முடிந்ததும் அழித்துவிட வேண்டும். நூறு வருஷம் தாண்டிய இந்தக் கலைக்கல்லூரியில் அது சட்டம் மாதிரி. ஆரம்ப காலத்தில் காய்ச்சலோடு நின்ற ஒரு பெண், ஆசிரியர் "போதும்" சொல்ல மறந்ததால் மேடையிலேயே செத்துப்போனாளாம். "போதும்" காதில் விழாததால் மாணவர்களும் வரைந்துகொண்டே இருந்தார்களாம். புதுப் பிள்ளைகளை மிரட்ட சீனியர்கள் அவிழ்த்துவிடும் கதை. அவளும் ஒரு காலத்தில் அவிழ்த்துவிட்டவள்தான்.

இன்று வழக்கமான மாடலைக் காணோம். பதிலுக்கு, லீவில் போனும் கையுமாகக் கிடந்த தன் மகளை ஆசிரியை இழுத்து வந்திருந்தாள்.

"புதுசா வேற கோடு போடணுமா? இதுலயே நில்லுடி."

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பாதங்கள் அச்சாகப் பொருந்தின. "ஐயோ அம்மா, சில்லுன்னு இருக்கு."

"நடிக்காத. ஆடாம நில்லு."

மழை இருட்டிக்கொண்டு வந்த மதியம். உயரமான ஜன்னல்களிலிருந்து மங்கலான வெளிச்சம் இறங்க, கரித்துண்டுகள் தாளில் உரசும் சத்தம் கூடத்தை மெல்ல நிறைத்தது. டர்பன்டைன் வாசனைக்கு அடியில், நோயாளி வெகுநாள் படுத்திருந்த அறையின் புளித்த வியர்வை நாற்றம் கிளம்பியது. ஆசிரியை பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். முதல் தாளில் மகள் நிற்கும் விதம் சரி. முகம் சரியில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்த ஒரு பெண். அடுத்த தாளிலும் அவளே. எல்லாத் தாளிலும் அவளே.

"என்னப்பா, கூட்டு சேந்து விளையாடறீங்களா?"

"இருக்கறதத்தானே மேடம் வரையறோம்," என்றான் ஒருவன், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் மேடைப் பக்கம் திரும்பினாள். "பாப்பா, இறங்கு. இறங்குடி!"

மகள் இறங்கினாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அப்பாடா! பெற்ற மனசு, என்னென்னவோ நினைத்துவிட்டது.

உரசும் சத்தம் நிற்கவில்லை.

மாணவர்கள் காலி மேடையைப் பார்த்தார்கள். தாளைப் பார்த்தார்கள். வரைந்தார்கள். ஒட்டிய கன்னம் மறைந்து, தாளில் மகளின் முகம் வந்தது. அகன்ற கண். கத்தும் வாய். அம்மாவை நோக்கி நீட்டிய கை. இவர்கள் காதில் "போதும்" விழாமல், கை ஓயாத வரைதான் மகள் அந்த மேடையில் உயிரோடு இருப்பாள். அது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மகளாக இறங்கி வந்து தோளில் சாய்ந்திருந்த அது, காதருகே வந்தது.

"போதும்னு சொல்லிடுங்க, டீச்சர்."

அத்தனை மாணவர்களும் அழித்து அழித்து வரைந்தார்கள். தாளில் மகளின் தலை இடப்பக்கம். வலப்பக்கம். இடப்பக்கம். வேண்டாம், வேண்டாம் என்று.