மேயர் போட்ட ஒரு வோட்டு

"ஐயோ... என்ர மனிசனைத் தள்ளி விழுத்திப்போட்டான்!"

அருள்நாயகியின் அலறல் வோபர்ன் பிளாசாவையே உலுக்கியது.

படிக்கட்டின் அடியில் அவர் கணவர் சீமோன் கிடந்தார். கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

எழுபது வயது. இங்கிலாந்தில் ஒரு நகரத்துக்கு மேயராக இருந்தவர். ரொறன்ரோ வந்தும் அரசியல் ஆசை விடவில்லை. ஸ்ரீதரனுக்கு எதிராகத் தேர்தலில் நிற்பதாக அறிவித்து மூன்று நாள்தான்...

ஸ்ரீதரன் இந்த வார்ட்டின் கவுன்சிலர். அவருடைய அலுவலகம் அதே படிக்கட்டின் உச்சியில்!

டிடெக்டிவ் கீதன் மேலே ஏறி, ஸ்ரீதரனின் அலுவலக வாசலில் விலங்கை எடுத்தான்.

"தம்பி, நான் அந்தாளைத் தொடவேயில்லை!"

"அப்ப பேயோ அண்ணை தள்ளினது? 'தள்ளாதை' எண்டு சீமோன் கத்தினதைக் கீழ பேக்கரியில நிண்ட சனம் கேட்டிருக்கு."

"நான் கதவைப் பூட்டிக்கொண்டு போன் கதைச்சுக்கொண்டிருந்தனான்!"

"பொய்!" பின்னாலேயே ஏறி வந்த அருள்நாயகி சீறினார். "கவுன்சிலரைப் பாத்திட்டு வாறன் எண்டுதான் வெளிக்கிட்டவர். ரெண்டு மாசமா செவ்வாய்க்குச் செவ்வாய் உவரிட்டைத்தான் வாறவர்!"

எதிர் அறையில் வேலை செய்யும் கிளடிஸ் அருள்நாயகியின் கையைப் பிடித்துத் தண்ணீர் பருக்கினாள்.

"நீங்கள் இவரைக் கண்டிருக்கிறீங்களா அக்கா?" கீதன் கேட்டான்.

"முன்னப் பின்னத் தெரியாது. பாவம்..."

விலங்கு ஒரு கையில் விழுந்தது. ஸ்ரீதரனுக்கு இனித் தேர்தல் இல்லை... மிச்ச ஆயுளும் இல்லை.

"கவுன்சிலரோட கதைச்சா மனம் லேசாகுது எண்டு சொன்னாரே... பாவி!" அருள்நாயகி ஸ்ரீதரனைப் பார்த்துக் கத்தினார்.

ஸ்ரீதரன் நிமிர்ந்தார்.

"என்ன சொன்னனீங்கள்? மனம் லேசாகுதோ?"

"ஓம்!"

"தம்பி, என்னோட கதைச்சு மனம் லேசான மனிசன் இந்த வார்ட்டிலயே இல்லை! குப்பை எடுக்கேல்லை, பஸ் வரேல்லை எண்டு கத்திப்போட்டுத்தான் போவினம். அவர் சொன்னது வேற கவுன்சிலர்!"

கீதன் எதிர்க் கதவைப் பார்த்தான்.

'கிளடிஸ். மனநலக் கவுன்சிலர்' என்று அதில் எழுதியிருந்தது.

ஓடிப்போய்த் திறந்தான். மேசையில் ஒரு சாம்பல் நிறத் தொப்பி...

"அது அவரின்ர தொப்பி!" என்றார் அருள்நாயகி. கிளடிஸ் பிடித்திருந்த கையை வெடுக்கென உதறினார்.

கிளடிஸ் ஓடவில்லை. அழவுமில்லை.

"இவர் மேயரா இருந்த ஊரில லொட்ஜ் ஒண்டு. பக்டரி வேலைக்குப் போற பெடியள் ஒரு அறைக்குப் பத்துப் பேராப் படுத்தவங்கள். பின்வாசல் இல்லை. அதை இழுத்து மூட வேணுமெண்டு கவுன்சில்ல வோட்டு. ரெண்டு பக்கமும் சமம். அப்பிடியெண்டா மேயரின்ர வோட்டுத்தான் முடிவு. இவர் மூட வேண்டாமெண்டு போட்டார்."

"பிறகு?"

"நெருப்பு. ஆறு பேர் செத்தவங்கள். அந்த ஊர், அந்த லொட்ஜ் எண்டு இண்டைக்குத்தான் வாயால சொன்னார். 'ஒருத்தன்ர பேரும் எனக்குத் தெரியாது' எண்டார். படி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு பேரைச் சொன்னன். என்ர தம்பியின்ர பேர்... பிறகுதான் தள்ளினன்."

விலங்கு கை மாறியது.

ஸ்ரீதரன் மணிக்கட்டைத் தேய்த்தபடி நின்றார்.

"என்ன அண்ணை யோசிக்கிறீங்கள்? தப்பீட்டீங்கள். எலக்சனில எதிராளும் இல்லை!"

"அரசியலுக்கு வர முதல் பன்ரண்டு வருசம் வீடுகளுக்குக் கூரை போடுற வேலை செய்தனான் தம்பி. சரியான வேலையை விட்டிட்டன். அங்க கால் தவறினா நான் மட்டும்தான் சாவன்!"