பாதி வரிசை

மாலை ஐந்தரை மணிக்கு அக்கா தன் நாற்காலியிலேயே இறந்து கிடந்தாள். மடியில் முடியாத ஸ்வெட்டர் கை, அதில் குத்தியபடி ஊசிகள். எதிர்ச் சுவர் அலமாரியில் நெஞ்சுவலி மாத்திரை டப்பா, திறக்காமல். முதலில் பார்த்து அலறியவள் தங்கை.

இருவருமே கணவனை இழந்தவர்கள். ஒரே வீடு, ஒரே கூடை நூல். பாவாடை கட்டிய வயதில் பிடித்த ஊசியைக் கீழே வைத்ததே இல்லை.

ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். கோர்ட் வாசலில் காத்திருக்கும் நேரத்திலும் ஏதாவது பின்னிக்கொண்டிருப்பதால் ஸ்டேஷனில் அவருக்கு நூல்கண்டு என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

“ஹார்ட் அட்டாக்தான். நாலு மணி வாக்குல போயிருக்கும்,” என்றார் டாக்டர். “யாராவது அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்திருந்தா பிழைச்சிருப்பாங்க.”

நூல்கண்டு தங்கை பக்கம் திரும்பினார்.

“நீங்க எங்கே இருந்தீங்க?”

“கடைக்குப் போயிருந்தேன் மேடம். மூணு மணிக்கே கிளம்பிட்டேன்.”

“அப்போ அக்கா?”

“நல்லாத்தான் இருந்தா. பின்னிக்கிட்டிருந்தா.”

“வந்ததும் எதையாவது தொட்டீங்களா?”

“அவ கன்னத்தை மட்டும்.”

தங்கை போட்டிருந்த ஸ்வெட்டர் அவளே பின்னியது. ஊசிமுனைகூட நுழையாத இறுக்கம். கூடையில் நீல நிறத்தில் ஒரு சின்னத் தொப்பி, ஆரம்பித்த நிலையில். அதன் நூல் மட்டும் நெளிநெளியாக இருந்தது.

“இது பிரிச்ச நூலாச்சே. யார் பிரிச்சது?”

“அக்காதான். என் பொண்ணுக்குக் குழந்தை பிறக்கப் போகுது. முடிச்சு ஆசையா காட்டினேன். எங்கேயோ ஒரு கண்ணி தப்பாம். மத்தியானம் என் கண்ணெதிரேயே மொத்தத்தையும் உருவிட்டா.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.”

“எல்லாம் சரியாத்தானே இருக்கு, கிளம்பலாமா மேடம்?” என்றார் ஏட்டு. அவருக்குப் பசி வந்துவிட்டது.

நூல்கண்டு அக்காவின் மடியில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். வெகுநேரம் பார்த்தார். பார்த்ததைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“கடைக்கு நீங்க அப்புறம்தான் போனீங்க,” என்றார். “நாலு மணிக்கு இந்த அறையிலதான் இருந்தீங்க. அக்கா சாகிறதைப் பார்த்துக்கிட்டு.”

ஏட்டு திடுக்கிட்டார்.

“உங்க அக்காவுக்கு விரலெல்லாம் வீக்கம். அதனால கண்ணியெல்லாம் தளர்வா விழுந்திருக்கு. கடைசி வரிசையிலயும் பாதி வரைக்கும் அப்படித்தான். அங்கேருந்து இறுக்கம். உங்க கை. வலி வந்தப்போ அவங்க பாதி வரிசையில விட்டிருக்காங்க. நீங்க முடிச்சு வெச்சிருக்கீங்க. கடையிலேருந்து வந்ததும் கன்னத்தை மட்டும்தான் தொட்டீங்கன்னா, இதை முடிச்சது போறதுக்கு முன்னாடி. ஏன்மா?”

“பாதி வரிசையில விட்டா அவளுக்குப் பிடிக்காது,” என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

“மாத்திரை கேட்டாங்களா?”

“கேட்டா. நான் அந்தத் தொப்பியை மறுபடி பின்னிக்கிட்டிருந்தேன். இந்த வரிசையை முடிச்சிட்டு எடுத்துத் தரேன்னேன். சரின்னு தலையாட்டினா. அடுப்புல பால் பொங்கினாக்கூட நாங்க ரெண்டு பேரும் அதைத்தான் சொல்லுவோம்.”

“முடிஞ்சதும்?”

“நான் எழுந்திருக்கல. எனக்கு ஆத்திரம். அவ கொஞ்ச நேரம் காத்திருக்கட்டுமேன்னு அடுத்த வரிசையை ஆரம்பிச்சேன்.”

நூல்கண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்தார். இவளைக் கொலைகாரி என்று எழுதுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. துக்கமாக இருந்தது.

“அவ என் கையையே பார்த்துக்கிட்டிருந்தா மேடம். மூச்சு வாங்கிச்சு. ‘இப்போ நல்லா வருதுடி’ன்னா. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்ல. நான் நிமிரவே இல்ல. இன்னொரு தடவை சொல்லுவான்னு பின்னிக்கிட்டே இருந்தேன்.”