அந்த மூன்று அடி யாருக்கு?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைதட்டல்தான் காலைச் சாப்பாடு. தேவாலயம் எது, கூத்து மேடை எது என்று தெரிவதில்லை. மணியடிக்கும் பெரியவர் இப்படிப் பொருமிக்கொண்டே, பாடகர் குழுவின் டிரம்மை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

போன ஞாயிறு பாட்டு முடிந்ததும் சனம் கைதட்டியது. டிரம் வாசித்த பத்து வயதுச் சிறுமி எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிடு போட்டாள். எல்லாரும் அவளை ‘டமாரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

இன்று டமாரம் வந்து நின்றாள். முகம் மிளகாய்ப் பழம்.

“சாவியக் குடுங்க தாத்தா. டிரம் இல்லாட்டி சின்னப் பசங்க தாளம் தப்பிடுவாங்க. என் தம்பி இன்னிக்குத்தான் முதல் தடவையா பாடுறான்.”

“தப்பட்டும். பாட்டுன்னா ஆண்டவருக்கு அடங்கி நிக்கணும். நீ அவரைப் பின்னால தள்ளிட்டு முன்னால நின்னே.”

“அப்ப உங்க மணி?”

“என் மணிக்கு என்ன?”

“ஏழு அடின்னு சுவத்துல எழுதியிருக்கு. நீங்க பத்து அடிக்கிறீங்க. வாராவாரம் எண்ணுறேன். மிச்சம் மூணு யாருக்கு?”

பெரியவருக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த வயதிலும் கையில் வலு இருக்கிறது என்று தெருவுக்குக் காட்டத்தான் அந்த மூன்று. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆண்டவரிடம்கூட.

“வாய் காது வரைக்கும் நீளுது உனக்கு.”

டமாரம் அலமாரியைப் பார்த்தாள். பிறகு பெரிய தூணைப் பார்த்தாள்.

“அந்தத் தூணுக்குப் பின்னால உக்காந்து அடிக்கிறேன். என்னை யாரும் பாக்க வேணாம். தம்பிக்குச் சத்தம் கேட்டாப் போதும்.”

பெரியவர் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. பெஞ்சில் எறிந்தார்.

மணியடிக்கப் போனார். ஏழாவது அடிக்குப் பிறகும் கயிறு கையை இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை விட்டார்.

எதிர் ரொட்டிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “மணி பழுதா பெரியவரே?”

“உன் காதுதான் பழுது.”

தம்பி தாளம் தப்பவில்லை. பாட்டு முடிந்ததும் சனம் டிரம் வாசித்தவரைத் தேடியது. ஆள் அகப்படவில்லை. தலைகள் ஜெபத்துக்குக் குனிந்தன.

வாசலில் ரொட்டிக் கடைக்காரர் கேட்டார். “உள்ள டிரம் யாரு அடிச்சது?”

டமாரம் குனிந்து தம்பியின் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டாள்.

“ஒரு வாரம் அடங்கிட்டா ஆச்சா? அடுத்த வாரம் பாக்கலாம்,” என்றார் பெரியவர்.

“நானும் எண்ணுவேன் தாத்தா.”

முணுமுணுத்தபடியே அவர் நடந்தார். அவளை அவர் நம்பவில்லை. தன் கையையும்தான்.